முன்னறைக்கு மஞ்சள் காவி: ஐந்து வாரக் கணக்கு

தேவிபட்டினத்தில் எங்கள் அப்பத்தா வீட்டுக்குச் சுண்ணாம்புக் காரைச் சுவர், ரெட் ஆக்சைடு தரை. கடல் பத்து நிமிட நடை. நான்கு வருடத்துக்கு முன் முன்னறைக்கு வெளிர்நீல எமல்ஷன் அடித்தோம். இரண்டாவது மழைக்கே இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து உரிந்தது. சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை. அதில் கரைந்திருந்த உப்பு பெயின்ட் படலத்துக்குப் பின்னால் பூத்து அதைத் தள்ளிவிட்டது.

இந்த முறை சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடிப்பது என்று முடிவு செய்தேன். என்ன நிறம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கும் ராமலிங்க விலாசத்துச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காவிச் சிவப்பும் மஞ்சளும் மறக்காது. இவை இரும்புச் சத்துள்ள மண் நிறங்கள். சுண்ணாம்பின் காரம் இவற்றைக் கெடுக்காது, வெயிலும் வெளுக்க வைக்காது. தரை ஏற்கெனவே சிவப்பு. சுவருக்கு மஞ்சள் காவி கொடுத்தால் இரண்டும் சண்டை போடாமல் சேர்ந்து நிற்கும் என்று தோன்றியது.

முதல் வாரம் முழுக்கச் சுரண்டல்தான். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் பட்டிக்கத்தியால் அடிக்காரை தெரியும் வரை எடுத்தேன். பூத்திருந்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

இரண்டாவது வாரம் கலவை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டவே போகக் கூடாது. முதல் சோதனையில் ஒரு கிலோ சுண்ணாம்புக் களிக்கு 150 கிராம் மஞ்சள் காவி போட்டேன். ஈரத்தில் அழகாக இருந்தது. மறுநாள் கை வைத்தால் பொடி உள்ளங்கையில் ஒட்டியது.

பக்கத்துத் தெரு கொத்தனார் மாமா பார்த்துவிட்டு, “காவி கூடிப்போச்சு தாயி. சுண்ணாம்பு எவ்வளவத்தான் பிடிச்சு வைக்கும்?” என்றார்.

50 கிராமுக்கு இறக்கினேன். பொடி உதிரவில்லை. ஆனால் ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தபின் இருக்காது, நன்றாக வெளுத்துவிடும். அதனால் இரண்டடிச் சதுரமாக மூன்று சுவரிலும் மாதிரி அடித்து, இரண்டு நாள் காயவிட்ட பிறகுதான் முடிவு எடுத்தேன். ஷேடு கார்டில் விரலளவு பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கிழக்கு ஜன்னலில் கடல் வெளிச்சம் நேராக அடிக்கும் சுவரில் கிட்டத்தட்ட சந்தன நிறம். வடக்கு மூலையில் அதே கலவை பனங்கிழங்குத் தோல் மாதிரி அடர்ந்து தெரிந்தது.

சுவரடிக்கு ஒரு சிவப்புக் காவிப்பட்டை வேண்டும். அதற்கு வேறு நிறம் வாங்கவில்லை. மிச்சமிருந்த மஞ்சள் காவியை முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் மஞ்சள் மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறியது! மஞ்சளுக்குள் இருக்கும் நீர் சூட்டில் பிரிந்துபோவதால் வருகிற மாற்றம் இது. ஒரே மண்ணிலிருந்து வந்த இரண்டு நிறமும் சுவரில் அக்கா தங்கை மாதிரி ஒத்துப்போகின்றன. இந்த ஐந்து வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

மூன்றாம், நான்காம் வாரம் அடித்தோம். அம்மா சுவரை நனைத்துக்கொண்டே போக, நான் பின்னால் பால் பதத்தில் கரைத்த கலவையை அடித்தேன். மொத்தம் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நேரம் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டேன். வேகமாக உலர்ந்தால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாக நிற்கும். ஒரு மதியம் மறந்து திறந்து வைத்ததில் மேற்குச் சுவரில் திட்டு விழுந்தது. அந்த இடத்தை நனைத்து இன்னொரு கோட் கொடுத்துச் சரிசெய்தேன்.

ஐந்தாம் வாரம் எதிர்பாராத ஒரு சிக்கல். பகலில் அவ்வளவு நன்றாக இருந்த சுவர், இரவில் டியூப்லைட் போட்டதும் பச்சை ஓடிய சாம்பலாகத் தெரிந்தது. அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. 6500 கெல்வின் குளிர்வெள்ளை விளக்கு அது. கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்இடி பல்பு இரண்டு மாட்டினோம். உடனே மஞ்சள் திரும்பிவிட்டது. மண் நிறம் அடிக்கிறவர்கள் மாதிரி பார்க்கும் நாளிலேயே விளக்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வடக்கு மூலை மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் இருட்டாகப் படுகிறது. அங்கே ஒரு கிலோவுக்கு 30 கிராம் கலந்து ஒரு கோட் கொடுக்கலாமா என்று யோசனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நடையும் சமையலறையும் தை பிறந்த பிறகுதான்.