யூரல் மலை எப்போது எல்லையானது?

ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் ஏழு கண்டங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று, "சித்தப்பா, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல கடலே இல்லையே, அப்புறம் எப்படி ரெண்டு கண்டம்?" என்றாள். "நடுவுல யூரல் மலை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்ன பதில்தான். ஆனால் அது பதிலே இல்லை என்று மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ரஷ்யாவில் இருக்கும் யூரலின் மிக உயர்ந்த சிகரம் நரோத்னயா, 1,895 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! இவ்வளவு தேய்ந்துபோன ஒரு பழைய மலை இரண்டு கண்டங்களைப் பிரிக்குமாம், ஆனால் 8,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் இமயத்துக்குத் தெற்கே, பூமியின் மேலோட்டில் தனித் துண்டாக உள்ள ஒரு நிலத்தட்டின் மேல் இருக்கும் நமக்குத் துணைக்கண்டம் என்றுதான் பெயர். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆசியா, ஐரோப்பா என்ற இந்தப் பிரிவினையைத் தொடங்கியவர்கள் பழங்காலக் கிரேக்கர்கள். இன்றைய கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கப்பல் விட்டவர்களுக்கு இரண்டும் வேறு வேறு நிலமாகத் தெரிந்தது நியாயம்தான். கருங்கடலைத் தாண்டி வடக்கே போனால் பிரிப்பதற்குக் கடல் இல்லை, அதனால் ஓர் ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டார்கள், இன்றைய டான் ஆறு. ஒரே நிலத்துக்கு எதற்கு மூன்று பெண்களின் பெயர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்போதே கேட்டிருக்கிறார், அதாவது ஐரோப்பா, ஆசியா, லிபியா. லிபியா என்று அவர்கள் சொன்னது ஆப்பிரிக்காவை.

சரி, டானிலிருந்து எல்லை யூரலுக்கு எப்படிப் போனது? 1709இல் பொல்தாவா போரில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் படையில் ஸ்ட்ராலென்பெர்க் என்று ஓர் அதிகாரி. கைதியாகப் பிடிபட்டு சைபீரியாவில் பல வருடங்கள் கழித்தவர், அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து வரைபடம் போட்டு, ஊர் திரும்பியபின் 1730இல் வெளியிட்ட புத்தகத்தில் யூரலை எல்லையாக வைத்தார். அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்று ரஷ்யாவின் வரலாற்றாசிரியர் ததீஷெவ் பிறகு சொன்னார். பேரரசர் பீட்டர் காலத்திலிருந்தே தன்னை ஐரோப்பிய வல்லரசாகக் காட்ட நினைத்த ரஷ்யாவுக்கு இது ரொம்பப் பொருந்திப்போனது, டான் எல்லையாக இருந்தால் அதற்குக் கிழக்கே உள்ள வோல்கா கரை ஊர்கள் பலவும் ஆசியாவுக்குள் போயிருக்கும். ஆக, நாம் மனப்பாடம் செய்யும் கோடு முந்நூறு வருடம்கூட ஆகாத ஒன்று.

லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வட, தென் அமெரிக்கா சேர்ந்து ஒரே கண்டம். ஒலிம்பிக் வளையங்கள் ஐந்தாக இருப்பதும், அண்டார்டிகாவை விட்டுவிட்டு, அந்தக் கணக்கில்தான். ஜப்பானிலோ யூரேசியா ஒன்று, மொத்தம் ஆறு.

தேர்வில் ஏழு என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண் போய்விடக் கூடாது. ஆனால் பாடநூலில் அந்த ஸ்வீடன் கைதியைப் பற்றி இரண்டு வரி இருந்திருக்கலாம். அந்தக் கதையைச் சொன்னபோது அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.