எந்தக் கையிலிருந்து வரும் பந்து

ஜனவரி 12, திங்கள்

வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு போனது. ஆறு வாரம் கட்டு. இதை இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது கையால் சாப்பிடுவதை வீடியோ காலில் பார்த்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் பள்ளி அணியில் சாஃப்ட்பால் (பேஸ்பாலின் தங்கை ஆட்டம்) ஆடுகிறாள், கேட்சர்: பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னாள்: "நம்ம சின்சினாட்டி டீம்ல டோனி மல்லேன்னு ஒரு பிட்சர் இருந்தாராம்ப்பா. வலது கை போனதும் இடது கையால போட ஆரம்பிச்சிட்டாராம். நீயும் பழகிக்கோ."

பிட்சர் என்றால் பேஸ்பாலில் பேட்டருக்குப் பந்து எறிபவர். சரி, யார் இந்த மல்லேன் என்று பார்ப்போம். ஆறு வாரத்துக்கு வேறு வேலையும் இல்லை.

ஜனவரி 14, புதன்

1859-இல் அயர்லாந்தின் கார்க்கில் பிறந்தவர். ஐந்து வயதில் அமெரிக்கா வந்துவிட்டார். டைட்டானிக் கடைசியாக நின்றுவிட்டுப் போன குயின்ஸ்டவுன் அந்தக் கார்க் துறைமுகத்தில்தான் இருக்கிறது. டைட்டானிக்குக்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்து கப்பலேறிப் போனது பசித்த சனம். 1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் செத்தவர்கள் சுமார் பத்து லட்சம், ஊரைவிட்டுப் போனவர்கள் அதற்கும் குறைவில்லை. மல்லேன் பிறந்தது பஞ்சம் ஓய்ந்த பிறகு. ஆனால் கிளம்புவது மட்டும் ஓயவில்லை.

வந்த இடத்திலும் மரியாதை இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள் ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்தோடு வரைந்தன. குடிகாரன், முரடன், போப்பின் ஆள். இதைக் குறித்து வைக்கிறேன்.

பேஸ்பாலில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி 1869-இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதிலேயே அயர்லாந்தின் காவன் மாவட்டத்தில் பிறந்த ஆண்டி லெனர்ட் இருந்தார். அப்புறம் வரிசையாக வந்தார்கள். பந்து எறியத் தெரிந்தால் போதும், அப்பன் எந்தக் கப்பலில் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. (கேட்கவில்லை என்றுதான் இன்றைக்கு எழுதுகிறேன்.)

ஜனவரி 17, சனி

இன்று முழுக்க 1882 ஜூலை 18-இலேயே இருந்தேன்.

மல்லேன் முந்தைய ஆண்டுதான் டெட்ராய்ட் அணியில் நுழைந்திருந்தார். வலது கை காயப்பட்டதும் இடது கையால் எறியப் பழகிக்கொண்டார். வலது கை சரியானபோது அவரிடம் இரண்டு கைகள் இருந்தன. 1882-இல் லூயிவில் அணிக்காக பால்டிமோருக்கு எதிராக ஆடும்போது, ஒரே ஆட்டத்தில் இரண்டு கைகளாலும் பந்து போட்டார். பெரிய லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டிகளில், அதை முதலில் செய்தவர் அவர்தான்.

அப்போது பிட்சர்கள் கையுறை போடுவதில்லை. அதுதான் வித்தையே. பந்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரைப் பார்த்து நிற்பார். எந்தக் கையிலிருந்து வரும் என்று கடைசிக் கணம் வரை தெரியாது. நம் ஊர் சுழல்பந்து வீச்சாளர் கூக்ளி போட்டால் மணிக்கட்டையாவது பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இவரிடம் எந்தத் தோள் வேலை செய்யப்போகிறது என்பதே ரகசியம்!

தூரமும் குறைவு. இன்றைக்கு 60 அடி 6 அங்குலம், அது 1893-இல் வந்தது. மல்லேன் 50 அடியிலிருந்து எறிந்தார். மண்மேடு கிடையாது, தரையில் ஒரு கட்டம் கிழித்திருப்பார்கள், அதற்குள் நின்று போட வேண்டும். முறுக்கிய மீசையோடு ஆள் பார்க்கவும் நன்றாக இருந்ததால் 'கட்டத்துக்குள் நிற்கும் அப்போலோ' என்று பட்டப்பெயர். அந்த செப்டம்பரில் சின்சினாட்டியை ஒரு ஹிட்கூட அடிக்க விடாமல் முடித்தார்.

எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

1883, செயின்ட் லூயிஸ் அணியில் 35 வெற்றிகள். 1884, டோலிடோவில் 36. பிறகு ஒரு முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு சின்சினாட்டியில் கையெழுத்துப் போட்டார். 1885 முழுக்கத் தடை. வீரர்களை அடிமாடு போல அணியோடு கட்டிவைத்த காலம் அது, நான் மல்லேன் பக்கம்தான். மொத்தம் 284 வெற்றிகள். அந்த ஓராண்டு ஆடியிருந்தால் 300-ஐத் தொட்டிருப்பார் என்பது சுலபமான கணக்கு.

டோலிடோவில் அவருக்கு கேட்சர் யார் என்று தேடினேன். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். கறுப்பர்.

ஜனவரி 23, வெள்ளி

மகளிடம் கேட்டேன், கேட்சர் எதற்கு விரலால் சைகை காட்டுகிறாள் என்று.

"எந்தப் பந்து வரும்னு எனக்குத் தெரியணும்ல. நேரா வரும்னு உட்கார்ந்திருக்கும்போது கீழ விழுந்தா விரல் போயிடும்ப்பா."

அவளிடம் தலையணை மாதிரி ஒரு கையுறை இருக்கிறது. முகமூடி, மார்புக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் உண்டு. வாக்கருக்கு வாய்த்தது வெறுங்கை, அல்லது மெல்லிய தோல் உறை.

மல்லேன் 1919-இல் சொன்னது அச்சில் இருக்கிறது. தான் பந்து போட்டதில் சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்கிறார். அடுத்த மூச்சில், கறுப்பர்களைத் தனக்குப் பிடிக்காது, அதனால் வாக்கரின் சைகையைப் பார்க்காமல் தோன்றியதையெல்லாம் போட்டேன் என்கிறார். ஒரு நாள் வளைபந்துக்குச் சைகை வந்தது, இவர் வேகப்பந்து போட்டார். வாக்கர் பிடித்துவிட்டு நடந்து வந்து, சைகையே இல்லாமல் பிடிக்கிறேன், ஆனால் சைகை காட்டிய பிறகு மாற்றிப் போட்டால் பிடிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்த சீசன் முழுக்க என்ன வருகிறது என்றே தெரியாமல் பிடித்தாராம்.

பேட்டருக்கு வைத்த ரகசியத்தை இவர் தன் கேட்சருக்கும் வைத்தார். குரங்கு முகத்தோடு வரையப்பட்ட இனத்துப் பையன். 14-ஆம் தேதி குறித்து வைத்ததை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரியும் என்பார்கள். தெரிந்துதான் செய்தாரோ?

பிப்ரவரி 1, ஞாயிறு

ஒரு வாரம் கோபத்தில் எதையும் தட்டவில்லை.

வாக்கர் அந்த ஆண்டு 42 ஆட்டங்கள் ஆடினார், பேட்டிங் சராசரி .263. விலா எலும்பு முறிந்தது. ரிச்மண்டிலிருந்து டோலிடோ மேலாளருக்குக் கடிதம் வந்தது: வாக்கர் சீருடை போட்டு வந்தால் அடித்து நொறுக்க 75 பேர் தயார் என்று. சீசன் முடிவதற்குள் அவரை விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு அவருடைய தம்பி வெல்டியும் அந்த அணியில் சில ஆட்டங்கள் ஆடியதோடு சரி. பெரிய லீக்கில் வெளிப்படையாகக் கறுப்பராக இன்னொருவர் கால் வைக்க 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரவேண்டியிருந்தது.

மல்லேன் ஓய்வுக்குப் பிறகு சிகாகோவில் போலீஸ்காரர் ஆனார், 1944 வரை வாழ்ந்தார். 1919-இல் அவர் அப்படிச் சொன்னபோது வாக்கர் உயிரோடுதான் இருந்தார். இறந்தது 1924-இல்.

முடிவில் உண்மையை ஒப்புக்கொண்டாரே என்று ஒரு நண்பர் வாதாடினார். ஒப்புக்கொண்டார்தான். வருத்தப்பட்டாரா என்று கேட்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு சின்ன விஷயம். இரண்டு கையாலும் போடும் பாட் வெண்டிட்டி என்றொரு பிட்சர் சமீபத்தில் இருந்தார். அவரால் 2008-இல் ஒரு விதி வந்தது: எந்தக் கையால் போடப்போகிறேன் என்று பிட்சர் முதலிலேயே காட்டிவிட வேண்டும். மல்லேனின் ரகசியம் இன்றைக்குச் செல்லாது.

பிப்ரவரி 21, சனி

நேற்றுக் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு விறகுக்கட்டை போல இருக்கிறது.

மனைவி கார் ஓட்ட, இன்று டோலிடோ போனோம், மூன்று மணி நேரம். அங்கே ஸ்டேடியத்துக்கு வெளியே வாக்கர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. பிப்ரவரிக் குளிரில் எங்களைத் தவிர ஆளில்லை. மகள் காரிலிருந்து ஒரு பழைய பந்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். பிறகு கம்பளி உறைகளைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள்.

"சொல்லாம போடுப்பா."

இடது கையால்தான் போட்டேன், மெதுவாகத்தான். பிடித்துவிட்டாள். கையைக் காட்டு என்றேன். உள்ளங்கை சிவந்திருந்தது.

"இன்னொண்ணு," என்றாள்.