புல்லட் ரீபோருக்கு அப்புறம் எந்த ஆயில், எப்படி ஓட்டினேன்

வண்டி பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. ஆயில் குடிக்க ஆரம்பித்து, சைலன்சரில் புகை நிற்காமல் போனதும் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி லேத்தில் கொடுத்து ரீபோர் பண்ணி, அதாவது தேய்ந்த உள்சுவரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டாயிற்று. அதற்கு மேல்தான் தலைவலியே. முதலில் எந்த ஆயிலை ஊற்றுவது?

நெட்டில் தேடினால் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகுவதற்கு பிரேக்-இன் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள், டிரைவன், லூகாஸ் என்று அமெரிக்கக் கம்பெனிகள். தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் அதிகம், வழுக்கவைக்கும் சேர்க்கை கிடையாது. கூடவே ஒரு அறிவுரையும் வரும்: முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிஷம் பிடித்து வையுங்கள் என்று. அது அவர்களுடைய பழைய வி8 இன்ஜின்களுக்குச் சொன்னது. அதில் வால்வு ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும், வால்வைத் திறக்க வைக்கும் கேமும் அதன் மேல் உரசும் தட்டை டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவதற்குள் கேம் தேய்ந்துவிடும் என்ற பயம். ரேடியேட்டர் இருப்பதால் நிறுத்தி வைத்தே உறுமவும் விடலாம். நம் புல்லட்டிலும் டேப்பட் தட்டைதான், ஆனால் ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமில்லை, இன்ஜின் ஆறுவதோ காற்றில். நின்ற இடத்தில் 20 நிமிஷம் உறும விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி, நல்ல மினரல் 20டபிள்யூ-50 வாங்கிட்டு வாங்க, சிந்தெடிக் மட்டும் வேண்டாம்" என்றார். புதுக் கார்கள் ஃபேக்டரியிலிருந்தே சிந்தெடிக்கோடு வருகிறதே என்று இழுத்தேன். அங்கே ஹோனிங், அதான் சிலிண்டர் சுவரைக் கல்லால தேய்க்கறது, வேற மாதிரிங்க, மெஷின்லயே முனையை மழுக்கிடுவாங்க, நம்ம லேத்துல கல்லு போட்டது சொரசொரன்னு இருக்கும், அந்த முனைய ரிங்தான் உரசி எடுக்கணும் என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. கடையில் டப்பாவைத் திருப்பி ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரம்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இன்ஜின் ஆயிலிலேயே ஊறும் கிளட்ச் வழுக்கக் கூடாது என்றுதான் பலரும் அதைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது அதற்காக இல்லை, இந்த வண்டியில் கிளட்ச் இருக்கும் செயின்கேஸுக்கு ஆயில் தனி, கியர்பாக்ஸுக்கும் தனி. ஜாசோ தரத்தில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது, அதோடு சேர்ந்து ஜிங்க்கும் இருக்கும், டேப்பட்டுக்கு அது போதும்.

ஸ்டார்ட் பண்ணியதும் மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்சோ போல்ட்டை (ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) லேசாகத் தளர்த்தி, ஆயில் கசிந்து வருவதைப் பார்த்துவிட்டு இறுக்கினோம். அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. அப்புறம் ஐடிலில் விடாமல் நேராக ரோடுதான். ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் கேஸ் பிரஷர், மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் அந்த அழுத்தம் வராது, சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்துப்போய் புகை திரும்ப வரும். கோவை பக்கம் தடாகம் தாண்டி ஆனைகட்டி ரோட்டில் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுப்பது, மூடுவது, இன்ஜினே வேகத்தைக் குறைக்கட்டும் என்று விடுவது, மறுபடி கொடுப்பது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை, டாப் கியரில் திணற விடவும் இல்லை. நடுவில் ஓரங்கட்டி நன்றாக ஆற விட்டேன்.

50 கிலோமீட்டரிலேயே சூட்டோடு ஆயிலை இறக்கினோம். டிரேயை வெயிலில் சாய்த்தால் ஜரிகைப் பொடி தூவினாற்போல மினுமினுப்பு. காந்தத்தைத் துணியில் சுற்றி விட்டதும் சாம்பல் நிறச் சேறாக ஒட்டியது பிளாக்கும் ரிங்கும் விட்ட இரும்பு, ஒட்டாமல் மிதந்தது அலுமினியம். விரலில் தேய்த்துப் பார்த்தேன், துணுக்காக எதுவும் உறுத்தவில்லை. ஃபில்டரையும் மாற்றி அதே ஆயில், பிறகு 500-இல் ஒருமுறை. அப்போது மினுமினுப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கிற இன்ஜினுக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம், அந்த அமெரிக்க டப்பாவை வரவழைக்கும் காசில் இதை மூன்று முறை மாற்றிவிடலாம்.

இப்போது கம்ப்ரஷனில் கிக்கர் மேல் ஏறி நின்றால் மெதுவாகத்தான் இறங்குகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து கீழே திறந்தாலும் பின்னால் புகை இல்லை. சிந்தெடிக்குக்கு மாறலாமா என்று அண்ணனிடம் கேட்டேன், முறைத்தார். அதே மினரல்தான் ஓடுகிறது.