டம் என்று ஒன்று, பட் என்று இன்னொன்று

வேலைக்காக ஜப்பான் வந்த இரண்டாவது வருடம் கெண்டோ என்கிற ஜப்பானிய வாள்வீச்சு வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள், மரத்தரையில், வெறுங்காலோடு. ஷினாய் என்கிற மூங்கில் வாளை வீசுவது ஓரளவு சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. பாய்ந்து அடிப்பதுதான் எட்டு மாதம் இழுத்தடித்தது.

வலது கால் தரையில் அறைவது, வாள் எதிராளியின் தலைக்கவசத்தில் படுவது, ‘மென்!’ (தலை) என்ற கூச்சல். மூன்றும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். ‘கி கென் தாய் இச்சி’ என்பார்கள்: உள்ளத்தின் வீறும் வாளும் உடம்பும் ஒன்றாவது. போட்டியில் பொதுவாக மூன்று நடுவர்களில் இருவராவது கொடி தூக்கினால்தான் புள்ளி. வாள் சரியான இடத்தில் பட்டாலும் இது கூடிவராவிட்டால் கொடி அசையாது. நமக்கு மென் என்றால் மென்மை. அங்கே தொண்டை கிழிய வேண்டும்.

எனக்கு எப்போதும் கால் டம் என்று முதலில், வாள் பட் என்று பிறகு. காலை உயரத் தூக்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தேன். குதிகால் கன்றிப்போய் பத்து நாள் ரயில் நிலையப் படிகளில் நொண்டினேன். குதிகாலுக்கு உறை வாங்கி மாட்டியதில் வலி குறைந்தது. ஓசை என்னவோ இரண்டுதான்.

சென்சே, அதாவது ஆசிரியர், ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொள்வார். நான் அடித்ததும் இரண்டு விரலைக் காட்டுவார். வேறு பேச்சே கிடையாது. அந்த விரல்கள் கனவில்கூட வந்தன.

ஒரு நாள், இனி மிதிக்கவே வேண்டாம் என்றார். மறுபடி முதல் பாடம், ஒகுரி அஷி: வலது காலைத் தரையை உரசியபடி முன்னே வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு, நடந்தபடியே அடி. முதலில் மூன்று எண்ணிக்கையில், அப்புறம் இரண்டில், கடைசியில் ஒன்றில். இரண்டு வாரம் இதேதான். எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் உடம்பைத் தள்ள வேண்டியது இடது கால் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வலது காலைத் தூக்கித் தூக்கி நின்ற இடத்திலேயே போட்டிருக்கிறேன். அது இறங்கும்போது வாள் இன்னும் தலைக்கு மேலேயே இருக்கும். இடது குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தி, முன்பாதத்தால் தரையை உந்தினால் இடுப்பு முன்னே போகிறது. வலது கால் தரையை ஒட்டியே வழுக்கிப் போய்த் தானாக அறைகிறது. அதற்குள் கையும் வந்து சேர்ந்துவிடுகிறது.

கூச்சல் தனிக் கதை. அடி பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்துவேன். அதுவரை மூச்சை அடக்கியிருப்பதால் தோள் இறுகிக் கிடக்கும். முன்பே மூச்சை இழுத்துக்கொண்டு, அடியோடு சேர்த்து விட்டு, எதிராளியைக் கடந்து போகும்வரை ‘மெஏஏன்’ என்று நீட்டியதில் தோள் இளகியது. வெட்கம் போகத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஒரு வியாழக்கிழமை இரவு ஒரே ஓசை கேட்டது. எனக்கே சந்தேகம். சென்சே கண்ணைத் திறந்து ஒரு விரலைக் காட்டினார். அடுத்த அடிக்கு மறுபடி இரண்டு. வகுப்பு முடிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார். அடித்த பிறகு உங்கள் இடது கால் பின்னாலேயே தங்கிவிடுகிறது, அடுத்த வாரம் அதைப் பார்ப்போம் என்றார்.