ஃபியட்டுக்கு 13 இஞ்ச் வீல், முன்னால் டிஸ்க் பிரேக்

பிரீமியர் பத்மினி, அதாவது நம் பழைய ஃபியட் கார், வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ள பாடு டயர். கம்பெனி போட்ட அளவு 5.20-14, அதாவது 14 இஞ்ச் வீலுக்கானது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அந்த அளவு சட்டென்று கையில் கிடைக்காது. கிடைத்தாலும் எப்போது செய்த டயர் என்று பார்த்தால் வாங்க மனசு வராது. 13 இஞ்ச் என்றால் கதையே வேறு. பழைய மாருதி செலெரியோவுக்கு வந்த 155/80 ஆர்13 டயர் எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சரி, வீலை மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

பாளையங்கோட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி ரிம்மைக் கையில் வாங்கியதும் சொன்னது இதுதான்: "தம்பி, வீல மட்டும் மாத்துனா உள்ள டிரம்முக்கு மூச்சு விட எடம் இருக்காதுல்லா. மாத்துனா ரெண்டையும் சேத்து மாத்தணும்." டிரம் என்பது சக்கரத்துக்குள் அதோடு சுழலும் கிண்ணம்; உள்ளிருந்து ஷூ அதை அழுத்தி நிறுத்தும். முன் சக்கரத்தில் மாட்டிப் பார்த்தோம். டிரம்முக்கும் ரிம்மின் உள்பக்கத்துக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. டிரம் பிரேக் தன் சூட்டைக் காற்றில் விட்டுத்தான் ஆற வேண்டும். காற்றுப் போக வழியை அடைத்துவிட்டு அதனிடம் வேலை வாங்க முடியாது.

டிரம்மின் மேல் எனக்கு ஏற்கெனவே மனக்குறை உண்டு. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டு மலை இறங்கும்போது, அடிவாரம் வருவதற்குள் பெடல் கல் மாதிரி ஆகி, மிதித்தாலும் வண்டி வேகம் குறையாது. செகண்ட் கியரில் போட்டுத்தான் இறக்குவேன். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் ஒரு பக்க டிரம்முக்குள் நீர் புகுந்து, பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரே பக்கமாக இழுக்கும். எதிரில் பஸ் வரும்போது அப்படி இழுத்தால் நெஞ்சு பதறிவிடும்.

ஃபியட் 1100 டிலைட் 1964-ல் இங்கே வந்தபோது நான்கு சக்கரத்திலும் டிரம்தான். இத்தாலியில் 1966-ல் வந்த 1100 ஆர் மாடலுக்கு முன்னால் டிஸ்க் கொடுத்தார்கள். நமக்கு அந்த மாடல் வரவில்லை. அதே வண்டி 1974 முதல் பத்மினி என்ற பெயரில், கடைசி வரை டிரம்மோடுதான் ஓடியது. ஆகவே முன் டிஸ்க் என்பது இந்த வண்டியின் குடும்பத்துக்குப் புதிது இல்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சாமான்களைப் பழைய பிரீமியர் 118 என்.இ. ஒன்றிலிருந்து எடுத்தேன். அது ஃபியட் 124-ன் வழி வந்த வண்டி. ரிம், டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), காலிபர் (பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வுவது) மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இன்னொரு காரணம் போல்ட் வட்டம், அதாவது வீல் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஃபியட் குடும்பத்தில் அது 98 மி.மீ. ஆல்டோ, ஸ்விஃப்ட் ரிம்களில் 100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று போல்ட்டை இறுக்கி உட்கார வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். போல்ட்டின் கூம்பு முகம் ரிம்மில் முழுதாகப் படியாது. ஓட ஓடத் தளரும். வீல் கழன்று போகிற விஷயம் இது.

டயர் அளவைக் கணக்குப் போட்டும் பார்த்தேன், தரையில் உருட்டியும் பார்த்தேன். 155/80 ஆர்13-ன் விட்டம் 578 மி.மீ. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளினால் மறுபடி கோடு தரையைத் தொடும் இடம் வரைக்கும் டேப்பால் அளக்கலாம். பழைய டயருக்கும் புதியதற்கும் கிட்டத்தட்ட 5 சதவீதம் வித்தியாசம். அதாவது நிஜ வேகம் 60 இருக்கும்போது மீட்டர் 63 காட்டும். டாப் கியரில் இன்ஜின் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும். நாற்கரச் சாலையில் சத்தம் கொஞ்சம் ஏறும். டவுனுக்குள் ரத வீதியில் ஊர்ந்து போகும்போது அதுவே நல்லதாகவும் இருக்கிறது, வண்டி திணறாமல் இழுக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் குறையும். டயரில் 79 என்று ஒரு எண் இருக்கும். ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பத்மினிக்குத் தாராளம்.

முக்கியமான வேலை பிராக்கெட். டிரம்மின் பின்தட்டைக் கழற்றிவிட்டு, அது இருந்த போல்ட் துளைகளிலேயே காலிபரைப் பிடிக்கும் தகடு உட்கார வேண்டும். முதலில் அட்டையில் வெட்டி, பிறகு பிளைவுட்டில் வெட்டி, பொருத்தம் பார்த்த பின்தான் பேட்டையில் உள்ள லேத் பட்டறைக்குப் போனேன். 12 மி.மீ. இரும்புத் தகடு. போல்ட் எல்லாம் வலுவைக் குறிக்கும் 10.9 முத்திரை போட்டவை. டிஸ்க்கின் நடுத்துளையை ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஏற்றபடி லேத்தில் கடைந்தார்கள். மாட்டியதும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் போதும். அதற்கு மேல் ஆடினால் பெடலில் துடிப்பு வரும். டிஸ்க் காலிபரின் நட்டநடுவில் வரும்வரை ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடு வைத்துச் சரிசெய்தோம்.

அப்புறம் ரிம்முக்கும் காலிபருக்கும் இடைவெளி. இதற்கு அண்ணாச்சி சப்பாத்தி மாவு கேட்டார். மாவை விரல் கனத்தில் காலிபரின் முதுகில் ஒட்டி, ரிம்மை மாட்டிப் போல்ட்டை முழுதாக இறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று. கழற்றிப் பார்த்தால் மாவு எங்கெங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கே மிஞ்சிய கனம்தான் இடைவெளி. மிகக் குறைந்த இடத்தில் ஸ்கேல் வைத்தால் 4 மி.மீ. இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் முனையையும் மட்கார்ட் விளிம்பையும் இதே மாதிரி பார்த்தோம். எங்கும் உரசவில்லை.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டால் பிரேக் தானாக நன்றாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிரம்முக்குள் முன் ஷூவைச் சக்கரத்தின் சுழற்சியே இழுத்து டிரம்மோடு அழுத்தும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, எல்லாம் நம் காலில் இருந்துதான் வர வேண்டும். அதனால் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பத்மினியில் ஒரே லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பூஸ்டரோடு இரட்டை லைன் கொண்ட டேண்டம் மாஸ்டர் வைத்து, முன் பின் லைன்களைப் பிரித்துவிட்டேன். டிரம்முக்கென்று மாஸ்டரில் இருக்கும் சின்ன வால்வு லைனில் 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிஸ்க் லைனில் அது இருக்கக் கூடாது. இருந்தால் பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே சூடேறும். பின் லைனுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

காலிபரை இடம் வலம் பார்த்து மாட்ட வேண்டும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே நோக்கி வந்தால்தான் காற்று முழுதாக வெளியேறும். மாஸ்டரிலிருந்து தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏர் எடுத்தோம். பிரேக் ஆயில் டாட் 4 தரம். புதிதில் அதன் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. டாட் 3-க்கு 205-ம் 140-ம். மலை இறங்குகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

மாட்டி முடித்ததும் மலைக்கு ஓடவில்லை. காலையில் ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் 50-லிருந்து 20-க்கு மெல்ல மெல்லக் குறைத்து, நடுவில் ஆறவிட்டு, பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு படியவைத்தேன். அதற்குப் பிறகு எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது, அதாவது சுழலாமல் நிற்கிறது என்ற சோதனை. என் தம்பி ரோட்டோரம் நின்று பார்த்தான். பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போய்ப் பின் சக்கரம் லேசாகும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி வால் பக்கம் வீசிவிடும். முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு, "முன்னாலதாண்ணே முதல்ல நிக்கி" என்றான். பின் டிரம்மைத் தொடவே தேவையிருக்கவில்லை.

பிறகு காரையாறு ரோட்டில் ஏறி இறங்கினேன். அடிவாரச் செக்போஸ்ட் வரை பெடல் ஒரே உயரத்தில், ஒரே அழுத்தத்தில் நின்றது. அம்பாசமுத்திரம் வரும் வழியில் மழைத் தண்ணீரில் இறக்கி ஏற்றினேன். முதல் மிதியிலேயே நேராக நின்றது, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

இதைச் செய்ய நினைக்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கழற்றிய டிரம், பின்தட்டு, 14 இஞ்ச் ரிம் எல்லாவற்றையும் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு போல்ட் கூட வெட்டவில்லை, வண்டியைப் பழையபடி ஆக்கலாம். அடுத்த வேலை வீல் அலைன்மென்ட். இந்த ரேடியல் டயருக்கு டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) கொஞ்சம் குறைவாகப் போதும் என்கிறார் அண்ணாச்சி. அதையும் பார்த்துவிட்டு ஸ்பீடோமீட்டரைத் திருத்தக் கொடுக்க வேண்டும்.