நகரத்தின் சாசனமும் கீழூர் வாக்கும்

டெக்சாஸில் குடியேறிவிட்ட என் அக்கா மகன், தன் நகரத்தின் மாதிரி வாக்குச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். புதுச்சேரி பாரதி பூங்காவில் அமர்ந்து கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேயர் பதவிக்கான பெயர்களுக்குக் கீழே நகர நிர்வாகத்தின் அடிப்படை விதித்தொகுப்பான நகரச் சாசனத்தைத் திருத்தும் முன்மொழிவும், அதையடுத்து ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என இரு கட்டங்களும் இருந்தன.

அங்கே 5,000 பேருக்கு மேல் வாழும் நகரம், மாநிலச் சட்டத்துக்கு முரணாகாமல், தனக்கான சாசனத்தை வாக்காளர்களின் ஒப்புதலுடன் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று 1912இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. சாசனத்தில் ஒரு வரியை மாற்றுவதற்கும் மீண்டும் வாக்காளரிடமே வரவேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் நகராட்சியோ 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. அதைத் திருத்தும் உரிமை சட்டப்பேரவைக்குரியது. 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தலுக்கே 2006 வரை காத்திருந்த ஊரில் சாசனத்தைப் பற்றிப் பேசுவது சற்று ஆடம்பரம்தான்.

ஆனாலும் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரிப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்ததை அவனுக்கு எழுதினேன். “மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லையா, மாமா?” என்று உடனே கேட்டான். இல்லை என்றுதான் பதில் எழுத வேண்டியிருந்தது.