ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்) பட்டறை முதலாளிகள் கவனத்துக்கு

உடைந்த கல்லுக்குக் கூலியில் பிடித்தம் செய்தால், பழுதுக் கல் யார் கண்ணிலும் படாமல் கட்டின் அடியில்தான் போகும். கல் வார்க்கும் கண்ணாடித் தட்டின் கீறல் அப்படியே கல்லின் முகத்தில் பதியும். திட்டுதான் கிடைக்கும் என்றால் அந்தத் தட்டை யார் எடுத்துக் காட்டுவார்கள்? “நாளைக்கே லாரி ஏத்தணும்” என்றால் முதலில் குறைவது தண்ணீர்த் தொட்டியில் ஊறும் நாள். சிமெண்ட் சரியாக இறுகாத கல், பதித்தபிறகு கீறல் விழும், தேயும். பெயர்த்து மாற்றும் செலவு யார் தலையில்?

கூலிக்கான கல்லை, ஊறவைத்து எடுத்தபின் எண்ணுங்கள். தானாக வந்து சொன்ன உடைசலுக்குக் கூலியில் கை வைக்காதீர்கள்.

லாபத்தில் 2 சதவீதத்தை ஊர் நலனுக்குச் செலவிடச் சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு விதி, நிகர லாபம் 5 கோடி போன்ற வரம்பைத் தொட்ட கம்பெனிகளுக்கு. சிறு பட்டறைக்குப் பொருந்தாது. அதற்காகத் தொட்டியின் சிமெண்ட் தண்ணீரை ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் திறந்துவிடலாமா? வேலைக்கு வருவதும் அதே ஊர் ஆட்கள்தான்.